விலாசம் தெரியாத டிஎல்எல்

நிரல் எழுதத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு மாணவனுக்கு அந்த நினைப்பு இறங்க வேண்டுமென்றால் சுலபமான வழி ஒன்று உண்டு. வேறு யாரோ பல வருடங்களுக்கு முன் எழுதிய வலைச் செயலியைக் கையில் கொடுத்து, "இதைப் புதுப் பொட்டியில ஓட வெச்சுக் குடுப்பா" என்று சொன்னால் போதும். எனக்கு அது 2024 ஜூன் கடைசி வாரத்தில் நடந்தது. அந்த நான்கு நாள் கதைதான் இது. கம்ப்யூட்டர் சமாசாரம் பிடிக்காதவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள். நடுவில் செட்டிநாட்டு விலாசம், தமிழ் எழுத்துரு எல்லாம் வரும்.

காரைக்குடியில் ஒரு அறக்கட்டளை. பெயர் வேண்டாம். வசதி இல்லாத பிள்ளைகளுக்குக் கல்லூரியின் முதல் வருடக் கட்டணத்தைக் கட்டுகிறார்கள். பழைய வீடு ஒன்றின் முகப்புதான் ஆபீஸ். ஆத்தங்குடித் தளம், தேக்குத் தூண், ஒரு இரும்புப் பெட்டி, இரண்டு அக்காமார், ஒரு கணக்குப்பிள்ளை ஐயா. விண்ணப்பத்தோடு பிள்ளைகள் நேரில் வருவார்கள். அக்காமார் அதைக் கணினியில் ஏற்றி, ஒரு ரசீது அச்சடித்துக் கொடுப்பார்கள். அந்த ரசீது எண் இருந்தால்தான் விண்ணப்பம் கணக்கில் சேரும். கடைசித் தேதி ஜூன் 28, வெள்ளிக்கிழமை.

24-ம் தேதி ராத்திரி இடி மின்னல். சர்வர் என்று அவர்கள் அழைத்துவந்த பழைய பொட்டி, இணைய மோடம் இரண்டும் காலி. ஹார்ட் டிஸ்க்கும் போச்சு. ஆனால் தினமும் மாலையில் தளத்தின் அடைவையும் தரவுத்தளத்தையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வைக்கும் நல்ல பழக்கம் ஐயாவுக்கு இருந்தது. "அப்புறமென்ன, புதுப் பொட்டியில் காப்பி பண்ணினால் ஓடிவிடும்" என்று செவ்வாய்க்கிழமை காலை நானே என் வாயால் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு வீட்டுக்குப் போவதாகத் திட்டம். (சிரிக்காதீர்கள்.)

அந்தச் செயலியை 2009-ல் ஒரு அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏஎஸ்பி டாட் நெட் 3.5, தரவுக்கு ஆக்சஸ் கோப்பு. அவர் வெளிநாடு போய்விட்டார், அவர் நம்பரும் மாறிவிட்டது. மூல நிரல் கிடையாது. தொகுத்த தளம் மட்டும்தான் கையில். புதுப் பொட்டி விண்டோஸ் 11. ஐஐஎஸ்ஸை இயக்கி, அடைவைக் காப்பி செய்து, உலாவியில் திறந்தேன்.

500.19. வெப்.கான்ஃபிக் கோப்பில் ஒரு பகுதி இரண்டு முறை அறிவிக்கப்பட்டிருக்கிறதாம். கோப்பைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது! கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று தடவை பார்த்தேன். ஒன்றேதான்.

விஷயம் என்னவென்றால், டாட் நெட் 3.5-ல் எழுதிய தளங்கள் அஜாக்ஸ் வசதிக்கான சில பகுதிகளைத் தங்கள் கான்ஃபிக் கோப்பிலேயே அறிவித்துக்கொள்ளும். 2010-ல் 4.0 வந்தபோது அந்த அறிவிப்புகள் கணினி முழுமைக்குமான மெஷின்.கான்ஃபிக் கோப்புக்குள்ளேயே போய்விட்டன. 3.5 தளத்தைக் கொண்டுபோய் 4.0 அப்ளிகேஷன் பூலில் போட்டால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று, ஆக இரண்டு. பொட்டி சொன்னது உண்மைதான். நான்தான் பாதி வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 4.0-ல் எழுதியதை 2.0 பூலில் போட்டால், 'டார்கெட் ஃபிரேம்வொர்க்' என்ற பண்பு எனக்குத் தெரியாது என்று சண்டை போடும். இந்த இரண்டு பிழைச் செய்திகளில் எதைப் பார்த்தாலும் நிரலைத் தொடாதீர்கள். பூலைப் பாருங்கள்.

சரி, பூலை 3.5-க்கு மாற்றலாம் என்று போனால் பட்டியலில் 3.5 என்றே ஒன்று இல்லை. 2.0, 4.0 இரண்டுதான். இது பல பேரைக் குழப்புகிற இடம். டாட் நெட்டில் 'ஃபிரேம்வொர்க்' என்ற பெயரில் வருகிற எண் வேறு, உள்ளே நிரலை ஓட்டுகிற சிஎல்ஆர் எண் வேறு. 2.0 (2005), 3.0 (2006), 3.5 (2007) மூன்றுக்கும் உள்ளே ஓடுவது சிஎல்ஆர் 2.0 தான். மேலே மாடி மாடியாகக் கட்டினார்களே தவிர அஸ்திவாரம் ஒன்றே. 4.0-ல் அஸ்திவாரமே புதிது. அதற்குப் பின் வந்த 4.5, 4.6, 4.7, 4.8 எல்லாம் அந்த 4.0 இருந்த இடத்திலேயே அதை மாற்றிவிட்டு உட்காருபவை. ஆகவே 3.5 தளத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டியது 2.0.

ஆனால் அதற்கு முதலில் 3.5 அந்தப் பொட்டியில் இருக்க வேண்டுமே! விண்டோஸ் 11-ல் 4.8 வரிசை கூடவே வருகிறது. 3.5 விருப்ப வசதி, கேட்டால்தான் இணையத்திலிருந்து இறங்கும். மோடம் இடியில் போய்விட்டது. அந்த வீட்டுச் சுவர்களின் கனத்துக்கு முன் கைப்பேசி சிக்னல் திண்ணையோடு நின்றுவிடும். மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை என்று 0x800F081F பிழை வந்தபடியே இருந்தது. கடைசியில் பொட்டி விற்ற கடைக்காரரிடம் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவை வாங்கி, அதில் சோர்சஸ் அடைவுக்குள் இருக்கும் எஸ்எக்ஸ்எஸ் அடைவைக் காட்டி, டிஸ்ம் கட்டளையால் நிறுவினேன். ஐஐஎஸ் பட்டியலில் ஏஎஸ்பி டாட் நெட் 3.5-ஐயும் தனியாக டிக் அடிக்க வேண்டும். முதல் நாள் இதிலேயே போச்சு.

புதன்கிழமை காலை தளத்தைத் திறந்தால் புதிதாக ஒரு மஞ்சள் திரை. மஞ்சள் திரை பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு வகையில் முன்னேற்றம். கதவு திறந்துவிட்டது, உள்ளேதான் தகராறு.

"இந்தக் கோப்பையோ அசெம்பிளியையோ அல்லது அது சார்ந்திருக்கும் ஒன்றையோ ஏற்ற முடியவில்லை." அசெம்பிளி என்பது தொகுத்து வைத்த நிரல் பொட்டலம், நாம் டிஎல்எல் என்கிறோமே, அதுதான். ரசீது அச்சடிக்க அந்த அண்ணன் வேறொருவர் எழுதிய ஒரு நூலகத்தைப் பயன்படுத்தியிருக்கிறார். அதை 'பின்' அடைவில் தேடினேன், இல்லை.

இதே கதை நம் எல்லாருடைய புராஜெக்டிலும் நடந்திருக்கும். உங்கள் பொட்டியில் அருமையாக ஓடுகிறது. நண்பன் பொட்டிக்கு எடுத்துப்போய் விஷுவல் ஸ்டுடியோவில் திறந்தால் ரெஃபரன்ஸ் பட்டியலில் வரிசையாக மஞ்சள் முக்கோணம். புராஜெக்ட் கோப்புக்குள் 'ஹின்ட் பாத்' என்று ஒரு பாதை எழுதியிருக்கும். அது உங்கள் பொட்டியின் டி டிரைவில், 'புது அடைவு 2' என்பதற்குள் எங்கேயோ போகும். நண்பன் பொட்டியில் அந்தப் பாதையே இருக்காது.

இங்கே நடந்தது இன்னும் நுணுக்கமானது. விண்டோஸில் ஜிஏசி என்று ஒரு பொதுக் களஞ்சியம் உண்டு. அங்கே நிறுவிய டிஎல்எல்லை அந்தப் பொட்டியில் ஓடும் எல்லாச் செயலியும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நூலகத்தை அங்கே நிறுவிவிட்டால், விஷுவல் ஸ்டுடியோ அதை உங்கள் 'பின்' அடைவுக்குள் வழக்கமாக நகல் எடுக்காது. 'காப்பி லோக்கல்' என்ற அமைப்பு 'இல்லை' என்று நிற்கும். பதினைந்து வருடம் அந்த நூலகம் பழைய பொட்டியின் களஞ்சியத்தில் இருந்துகொண்டு தளத்துக்குச் சோறு போட்டிருக்கிறது. ஐயா தினமும் நகல் எடுத்தது தளத்தின் அடைவை. களஞ்சியத்தை யாரும் நகல் எடுக்கவில்லை. அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. நம் வீட்டுச் சாமானையெல்லாம் பத்திரமாகக் கட்டி வைத்துவிட்டோம், ஆனால் தினமும் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் வாங்கிவந்த அம்மியை மறந்துவிட்டோம், அந்த மாதிரி.

அன்று மதியம் கைப்பேசியோடு தெருமுனைக்குப் போய், அதே பெயருள்ள டிஎல்எல் ஒன்றைத் தேடிப் பிடித்து இறக்கினேன். 'பின்' அடைவில் போட்டேன். பிழைச் செய்தி மாறியது. கண்டுபிடித்த அசெம்பிளியின் விவரம், கேட்ட ரெஃபரன்ஸோடு ஒத்துப்போகவில்லை, 0x80131040.

இந்த இடத்தில்தான் விலாசம் வருகிறது. நகரத்தார் குடும்பங்களில் வெறும் பெயரைச் சொன்னால் ஆள் தெரியாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். 'முத்தையா' என்று கூப்பிட்டால் தெருவில் நாலு பேர் திரும்புவார்கள். கண்ணதாசனின் இயற்பெயரும் முத்தையாதான், ராஜா சர் முத்தையா செட்டியாரும் முத்தையாதான். அதனால்தான் முன்னால் விலாசம். ராம. அழகப்பச் செட்டியார் என்று அந்த 'ராம.'வோடு சேர்த்துத்தான் எழுதுவார்கள். 1946-ல் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு, 1948-ல் சென்னைக்குக் கொண்டுபோன ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் விலாசம்தான் உலகம் முழுக்க ஏவி.எம். என்று ஆனது. கடிதமோ பணமோ ரங்கூனிலிருந்து சரியான முத்தையாவுக்கு வந்து சேர வேண்டுமென்றால் விலாசம் முழுதாக இருக்க வேண்டும்.

டாட் நெட்டில் இதற்குப் பெயர் 'ஸ்ட்ராங் நேம்'. பெயர், பதிப்பு எண், மொழிக் குறிப்பு, பொதுச் சாவியின் சுருக்கமான 16 இலக்க அடையாளம் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் ஒரு அசெம்பிளியின் முழுப் பெயர். தளத்தைத் தொகுத்த நாளில் அந்த நான்கும் அதற்குள் எழுதப்பட்டுவிடும். ஓடும்போது அந்த நான்கோடும் பொருந்துகிற ஆளைத்தான் கேட்கும். எங்கள் தளம் கேட்டது 1.4. நான் கொண்டுவந்து நிறுத்தியது 2.0. பெயர் ஒன்றுதான், ஆள் வேறு.

ஏன் இப்படிக் கறாராக இருக்கிறது என்றால், அதற்கு முன்பு பட்ட பாடு அப்படி. 1990-களில் விண்டோஸில் ஒரு மென்பொருளை நிறுவினால், அது பொது அடைவில் இருக்கும் டிஎல்எல்லைத் தன் பதிப்பால் அழித்து எழுதிவிடும். நேற்று வரை ஓடிய வேறொரு மென்பொருள் இன்று படுத்துவிடும். 'டிஎல்எல் நரகம்' என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். 2002-ல் டாட் நெட் வந்தபோது, ஒரே நூலகத்தின் பல பதிப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம், அவரவர் கேட்ட பதிப்பு அவரவருக்கு, என்று இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். நரகம் போனது, விலாசத் தகராறு வந்தது.

தகராறைத் தீர்க்க ஒரு குறுக்கு வழியும் வைத்திருக்கிறார்கள். 'பைண்டிங் ரீடைரக்ட்' என்று கான்ஃபிக் கோப்பில் நாலு வரி எழுதினால், "யார் 1.4-ஐக் கேட்டாலும் 2.0-ஐக் கொடு" என்று அர்த்தம். இதில் ஒரு சின்ன எச்சரிக்கை. அங்கே எழுத வேண்டியது அசெம்பிளியின் பதிப்பு எண், நியூகெட் பொட்டலத்தின் எண் அல்ல. உதாரணத்துக்கு நியூட்டன்சாஃப்ட் ஜேசான் பொட்டலம் 13.0.3 என்றிருக்கும், உள்ளே அசெம்பிளியின் எண் 13.0.0.0. பொட்டலத்தின் எண்ணைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் தலையைச் சொறிந்த நண்பர்கள் எனக்கு உண்டு.

நானும் நாலு வரி எழுதினேன். தளம் திறந்துவிட்டது! உள்நுழைவுப் பக்கம் வந்தது. ஒரு அக்கா கைதட்டியே விட்டார்.

அவர் கடவுச்சொல் கொடுத்தார். அடுத்த பிழை: ஜெட் 4.0 என்கிற இணைப்பான் இந்தக் கணினியில் பதிவு செய்யப்படவில்லையாம். இதற்கான பதில் நல்லவேளையாக எனக்குத் தெரியும். பழைய ஆக்சஸ் கோப்புகளைத் திறக்கும் அந்த ஜெட் 32 பிட்டில் மட்டும்தான் உண்டு. 64 பிட் செயலி கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பூலின் அமைப்பில் 32 பிட் செயலிகளை அனுமதி என்பதை 'ஆம்' என்று மாற்றினால் முடிந்தது. மாற்றினேன். உள்ளே போய்விட்டோம்.

விண்ணப்பதாரர் பட்டியல் திரையில் வந்தது. எங்கள் மூன்று பேர் முகமும் ஒரே நேரத்தில் சுருங்கியது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் கொத்துக் கொத்தாக நின்றன. ஒரு பிள்ளை பெயர் கூடப் படிக்க முடியவில்லை.

இதுவும் விட்டுப்போன ரெஃபரன்ஸ்தான். தமிழில் கணினி பழகியவர்களுக்கு இது பழைய வியாதி. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-லேயே, தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அதைக் காட்டுகிற பொட்டிகள் நம் மேசைக்கு வரப் பல வருடம் ஆனது. அதுவரை ஆளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம். 1999-ல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டைத் தரமாக்கியது. இணையத்தில் டிஸ்கி ஓடியது. இலங்கை நண்பர்கள் பாமினியில் எழுதினார்கள். இந்த முறைகளில் பொட்டிக்குள் 'அ' என்று ஒன்று இருக்காது. ஏதோ ஒரு ஐரோப்பிய எழுத்தின் எண் இருக்கும், எழுத்துரு அதன் மேல் 'அ' படத்தை ஒட்டிக் காட்டும். எழுத்துரு இல்லாத பொட்டியில் ஒட்டிய படம் உதிர்ந்து, அடியில் இருந்தது பல்லைக் காட்டும்.

அப்போது சிலர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எழுத்துருவை வாசகர் நிறுவ வேண்டாம், பக்கத்தோடு சேர்ந்து அதுவே போகட்டும் என்பது. அதிராம்பட்டினத்து உமர்தம்பி செய்து கொடுத்த தேனீ எழுத்துரு யூனிகோடுக்கே இந்த வேலையைச் செய்தது. யூனிகோடுத் தமிழ் தெரியாத பொட்டிகளிலும் ஆயிரக்கணக்கானோர் தமிழ்ப் பக்கங்களைப் படித்தது அவரைப் போன்றவர்களின் புண்ணியத்தில்தான். அவர் 2006-ல் காலமானார். யோசித்துப் பாருங்கள், 'காப்பி லோக்கல்' என்பதும் இதேதான். உனக்கு வேண்டியதை அடுத்த வீட்டில் எதிர்பார்க்காதே, கையோடு எடுத்துப் போ. எங்கள் அண்ணன் எழுத்துருவையும் கையோடு அனுப்பவில்லை, பொட்டியில் நிறுவியிருந்தார்.

வியாழக்கிழமை. அந்த எழுத்துரு எது என்று தேடிக்கொண்டிருந்தபோதே, வந்தவர்களைக் காக்க வைக்க வேண்டாம் என்று அக்கா புது விண்ணப்பம் ஒன்றை ஏற்றிப் பார்த்தார். திருப்பத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும். நூறு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். எல்லாம் ஏற்றி 'ரசீது' பொத்தானை அழுத்தினார்.

"மெத்தட் நாட் ஃபவுண்ட்."

நான் எழுதிய நாலு வரியின் பலன் அப்போதுதான் தெரிந்தது. பதிப்பு 1.4-ல் இருந்த ஒரு செயல்கூறை 2.0-ல் எடுத்துவிட்டிருக்கிறார்கள், அல்லது அதன் வடிவத்தை மாற்றிவிட்டிருக்கிறார்கள். கதவில் நிற்கிறவனிடம் "இவரும் முத்தையாதான், உள்ளே விடு" என்று சொல்லி விட்டேன். உள்ளே போனவரிடம் வீட்டுச் சாவி இல்லை. ஏற்றும்போது வராத பிழை ஓடும்போது வருகிறது, அதுவும் அந்தப் பொத்தானை அழுத்துகிற நேரத்தில். பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 1996 ஜூன் 4-ல் ஏரியன் 5 ராக்கெட் முதல் பயணத்தில் கிளம்பி சுமார் 40 நொடியில் சிதறியது. ஏரியன் 4-ல் நன்றாக ஓடிய நிரலை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் வேகத்தில் ஒரு 64 பிட் எண் 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. ஏறிக்கொண்டது என்பதால் ஓடிவிடும் என்று அர்த்தமில்லை.

அந்த அம்மாவிடம் "நாளைக்கு வந்துருங்கம்மா" என்றோம். "நாளைக்குத்தானே தம்பி கடைசி நாள்? நாளைக்கு வந்தா கண்டிப்பா குடுத்துருவீங்களா?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அக்காதான் "குடுத்துருவோம்" என்றார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்கள். ஒரு டிஎல்எல்லின் பதிப்பு எண் என்பது வெறும் எண் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தேன். கணக்குப்பிள்ளை ஐயா வெற்றிலை மடித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன தம்பி, சாமான் ஏதும் கொறையுதா?"

"ஆமாய்யா. அந்த அண்ணன் போட்ட பழைய ஃபைல் ரெண்டு வேணும். எங்க தேடியும் கிடைக்கல."

"அந்தப் பய ஊருக்குப் போறப்ப ஒரு தட்டு குடுத்துட்டுப் போனான். 'ஐயா, பொட்டி மாத்துனா இது வேணும், பத்திரமா வைங்க'ன்னான். அதுவா பாரு."

"எங்கய்யா இருக்கு?"

"இரும்புப் பெட்டியில. பத்திரத்தோட சேத்து வெச்சிருக்கேன்."

"மூணு நாளா சொல்லவே இல்லையேய்யா!"

"நீங்க கேக்கவே இல்லையே தம்பி."

உண்மை. மூன்று நாளில் கூகுளைக் கேட்டேன், கடைக்காரரைக் கேட்டேன், அந்தப் பொட்டியோடு பதினைந்து வருடம் குடும்பம் நடத்திய மனிதரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு குறுந்தட்டு வந்தது. காகித உறையின் மேல் பேனாவால் நான்கு வரி. டாட் நெட் 3.5, பூல் 2.0. 32 பிட். ரசீது டிஎல்எல் 1.4, உள்ளே இருக்கிறது. எழுத்துரு, உள்ளே இருக்கிறது. என் மூன்று நாள் உழைப்பு நான்கே வரியில் 2009-லேயே எழுதப்பட்டிருந்தது.

இதோடு முடியவில்லை. புதுப் பொட்டியில் குறுந்தட்டுப் போடும் வாயே கிடையாது! நண்பன் வீட்டில் தூசி படிந்த பழைய டெஸ்க்டாப்பைத் தட்டி எழுப்பி, ராத்திரி பத்து மணிக்கு பென் டிரைவில் மாற்றினோம். எழுத்துருவை நிறுவியதும் பெயர்களெல்லாம் தமிழாகத் திரும்பின. டிஎல்எல்லைப் போட்டால் மறுபடியும் பதிப்பு ஒத்துப்போகவில்லை என்கிறது. சரியான ஆள் வந்த பிறகும் ஏன் தகராறு? என் நாலு வரி ரீடைரக்ட் இன்னும் கான்ஃபிக் கோப்பிலேயே உட்கார்ந்துகொண்டு, 1.4-ஐக் கேட்டவர்களை 2.0-க்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. அதை அழித்ததும் சரியானது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்த அம்மாவும் மகளும் வந்தார்கள். ரசீது அச்சாகி வந்தது. அந்தப் பெண் அதை வாங்கி ஒரு முறை நிதானமாகப் படித்துவிட்டு, "அண்ணே, இனிஷியல் விட்டுப்போச்சு" என்றாள். அக்கா திருத்தி மறுபடி அச்சடித்துக் கொடுத்தார். பெயர் மட்டும் இருந்தால் போதாது என்பது அவளுக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது :-)

இனி, இந்தச் சிக்கலில் மாட்டுகிறவர்களுக்காக நான் இப்போது கடைப்பிடிக்கிற வரிசை:

1. பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். 'அல்லது அது சார்ந்திருக்கும் ஒன்றை' என்பதை விட்டுவிடாதீர்கள். பெயர் சொன்ன டிஎல்எல் இருக்கும், அது தேடுகிற இன்னொன்று இல்லாமலிருக்கும்.

2. முதலில் பூலின் சிஎல்ஆர் எண், அடுத்து 32 பிட்டா 64 பிட்டா. இந்த இரண்டையும் பார்க்க ஒரு நிமிடம்தான்.

3. டிஎல்எல் எங்கெல்லாம் தேடப்பட்டது என்று பார்க்க ஃபியூஷன் லாக்கை இயக்குங்கள். முதலில் ஜிஏசி, பிறகு 'பின்' என்று போகும் பாதை வரிவரியாகக் கிடைக்கும். முடிந்ததும் அணைத்துவிடுங்கள், பொட்டியை மந்தமாக்கும்.

4. கேட்கிற பதிப்பும் இருக்கிற பதிப்பும் எது என்று எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ரீடைரக்ட் கடைசி வழி. போட்டால் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.

5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலன் தராத மாற்றத்தை உடனே திருப்புங்கள்.

6. பொட்டியோடு பழகிய மனிதரைக் கேளுங்கள். உண்மையில் இது முதல் எண்ணில் வர வேண்டியது.

இதெல்லாம் பழைய டாட் நெட்டோடு போயிற்று என்று நினைக்க வேண்டாம். 2016-ல் வந்த கோர், 2020-ல் வந்த டாட் நெட் 5 முதல் வருடா வருடம் நவம்பரில் ஒரு பதிப்பு வந்துகொண்டிருக்கிறது. இப்போது மஞ்சள் திரைக்குப் பதில் 500.31 என்று வரும், அர்த்தம் அதேதான், உனக்கு வேண்டிய ரன்டைம் இந்தப் பொட்டியில் இல்லை. ஆனால் ரன்டைமையே செயலியோடு கட்டி அனுப்புகிற வழியும் இப்போது இருக்கிறது. தேனீ போன வழி. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் 2016 மார்ச்சில், லெஃப்ட் பேட் என்ற 11 வரி நூலகத்தை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட, உலகம் முழுக்க எத்தனையோ புராஜெக்டுகள் சில மணி நேரம் தொகுக்க முடியாமல் நின்றன. எல்லாரும் அடுத்த வீட்டு அம்மியில்தான் அரைத்துக்கொண்டிருக்கிறோம். தப்பில்லை, எந்த வீடு என்று எழுதி வைத்தால் போதும்.

அந்தத் தீபாவளி விடுமுறையில் பெயர்களையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். 3.5-க்கு 2029 ஜனவரி வரை ஆதரவு உண்டு, அதற்குள் முழுதாகத் திருத்தி எழுத வேண்டும். அதுவரைக்கும் ஒரு வெள்ளைத்தாளில் பதிப்பு எண்களையும் பூல் அமைப்பையும் எழுதி, பென் டிரைவோடு ஐயாவிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "உன் நம்பரையும் எழுது தம்பி. நீயும் வெளிநாடு போயிருவ" என்றார்.

எழுதிக் கொடுத்திருக்கிறேன். விலாசத்தோடு.